அவரவர் நாக்கு

"தாய்ச் சமையல்" என்று சொன்னால், அம்மா கைச் சமையலைப் பற்றித்தான் நாம் எழுதப் போகிறோம் என்று நேயர்களில் சிலர் நாக்கில் நீர் ஊற உட்கார்ந்துவிடக் கூடும். அம்மா வைக்கும் வற்றல் குழம்பின் மகிமையை நாம் மறுப்பவர்கள் அல்ல. ஆனால் இந்த வாரம் நாம் சொல்ல வந்தது, 1939-ம் ஆண்டில் சயாம் என்ற பழைய பெயரை மாற்றித் தாய்லாந்து என்ற புதுப் பெயரைப் பூண்ட தேசத்தின் சமையலைப் பற்றி.

அந்தச் சமையலை முன்னிட்டு நம் குடும்பங்களில் இப்போது இரண்டு கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றன. பாங்காக் நகரத்துக்குப் போய் வந்தவர்களும், நம் ஊர்களிலேயே அந்த உணவு கிடைக்கும் விடுதிகளுக்குப் போகிறவர்களும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். "அப்பப்பா! என்ன காரம்! உச்சந்தலை வரையில் ஏறிவிட்டது!" என்பது ஒரு கட்சி. "காரமாவது மண்ணாவது! பானகத்தில் தேங்காய்ப் பாலைக் கலந்தாற்போல் இருக்கிறது" என்பது எதிர்க்கட்சி. வேடிக்கை என்னவென்றால், இரு கட்சியாரும் பல சமயங்களில் ஒரே மேஜையில், ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டவர்கள்!

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியே என்று தீர்ப்புக் கூறி வழக்கை முடித்துவிடலாம். காரம் என்பது என்னவென்று சிறிது விசாரித்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு வெறும் சமாதானப் பேச்சு அல்ல என்பது விளங்கும்.

நம் முன்னோர்கள் கார்ப்பை அறுசுவைகளில் ஒன்றாக வைத்தார்கள். இக்காலத்து விஞ்ஞானிகளோ அதைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேதனைக் கணக்கில் சேர்க்கிறார்கள். மிளகாயில் உள்ள காப்சைசின் என்னும் பொருள், சூட்டை உணரும் நரம்பு வாயில் ஒன்றைத் தட்டி எழுப்புகிறது. கொதிக்கும் பண்டம் பட்டால் எழ வேண்டிய அந்த உணர்ச்சி, ஆறிப்போன மிளகாய்ச் சட்னி பட்டாலும் எழுகிறது. இந்த நரம்பு வாயிலை 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரிவதில்லை. ஆகையால்தான் கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் பறந்து போகிறது.

காரத்தை அளப்பதற்கு 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்பவர் ஒரு முறையை வகுத்தார். மிளகாயின் சாரத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் மேன்மேலும் கரைத்துக் கொண்டே போய், காரம் நாக்குக்குத் தெரியாமல் போகும் இடத்தைக் குறித்துக் கொள்ள வேண்டும். இப்போது அந்த வேலையை யந்திரங்கள் செய்கின்றன. ஆனால் ஸ்கோவிலின் காலத்தில் அளவுகோலாக இருந்தவை சில மனிதர்களின் நாக்குகளே. ஒருவர் நாக்கைப்போல் மற்றொருவர் நாக்கு இருப்பதில்லை என்பதுதான் அந்த முறையின் பெரிய சங்கடம்!

இந்த வேதனையை மனிதன் ஏன் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறான்? 1980-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காகப் பால் ரோஸின் என்னும் மனோதத்துவ அறிஞர் மெக்ஸிகோ தேசத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனார். அங்கே நாய்களும் பன்றிகளும் காரமான மிச்சம் மீதிகளைத் தினந்தோறும் தின்று வளர்ந்தவை. ஆயினும், காரமுள்ளதையும் இல்லாததையும் எதிரே வைத்தபோது அவற்றில் அநேகமாக எதுவும் காரத்தை விரும்பிப் போகவில்லை. அதே கிராமத்துக் குழந்தைகளோ, பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, சிறிது சிறிதாகக் காரத்தில் ஆசை கொண்டார்கள். யாரும் அவர்களைப் பலவந்தம் செய்யவில்லை. ஆகவே, காரத்தில் ருசி என்பது பிறவிக் குணம் அல்ல. குடும்பத்தோடு உட்கார்ந்து பழகிக்கொண்ட குணம்.

மனிதரின் ருசி எப்படிப் பழக்கத்தால் வந்ததோ, அப்படியேதான் ஒரு தேசத்தின் ருசியும். தாய்லாந்தின் சமையல் அதற்கு நல்ல சாட்சி. மிளகாய் அந்த மண்ணில் பிறந்ததன்று. நம் மண்ணில் பிறந்ததும் அன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, போர்த்துகீசியரின் கப்பல்களில் கிழக்கே வந்தது. 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துகீசியர், 1511-ல் மலாக்காவைப் பிடித்துக் கொண்டு, அதே வருஷத்தில் சயாமின் தலைநகரமான அயுத்தியாவுக்குத் தூதனுப்பினார்கள். அதற்கு முன்னால் இரு நாட்டாருக்கும் காரம் தந்தவை மிளகு, இஞ்சி முதலியவைதான்.

புதிய விருந்தாளிக்குப் பெயரிட்ட விதத்தைப் பாருங்கள். தமிழர்கள் "மிளகு போன்ற காய்" என்று நினைத்து மிளகாய் என்றார்கள். மிளகின் பெயரை மிளகுக்கே விட்டு வைத்தார்கள். சயாம் தேசத்தார் மிளகை "பிரிக்" என்று அழைத்து வந்தார்கள். மிளகாய் வந்தது, அந்தப் பெயரை அப்படியே பறித்துக் கொண்டது. பழைய மிளகை அடையாளம் சொல்வதற்கு "பிரிக் தாய்", அதாவது "தாய் நாட்டுப் பிரிக்" என்று இன்று சொல்கிறார்கள். வந்தவன் வீட்டுக்காரன் ஆனான். வீட்டுக்காரன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்து கொள்ள வேண்டியதாயிற்று!

அந்நாட்டின் வடகிழக்கில் ஈசான் என்ற பிரதேசம் இருக்கிறது. ஈசான திக்கு என்று நாம் சொல்கிறோமே, அதே சொல்தான். அங்கே மண் உரலில் மர உலக்கையால் இடித்துச் செய்யும் "சோம் தாம்" என்னும் பச்சைப் பப்பாளிக்காய்ப் பச்சடிக்குப் பெரும் புகழ். அதைவிட அசலான சயாம் பண்டம் வேறு இல்லை என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள பப்பாளி, மிளகாய், தக்காளி, நிலக்கடலை ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. உலகமெங்கும் தேசத்தின் பெயரையே தாங்கி நிற்கும் "பட் தாய்" என்னும் வதக்கிய அரிசிச் சேவையின் கதை இன்னும் விசேஷமானது. சேவையும், அதை வதக்கும் வகையும் சீனர்கள் கொண்டு வந்தவை. பிபூன் சோங்க்ராம் பிரதமராக இருந்த 1940-ஐ ஒட்டிய வருஷங்களில், தேசிய உணர்ச்சியை வளர்க்கும் முயற்சிகளுக்கு நடுவே, சர்க்கார் ஆதரவில் அது தேசிய உணவாயிற்று.

இதனால் அந்தத் தேசத்தின் பெருமைக்குக் குறைவு வந்துவிட்டதா? ஒருநாளும் இல்லை. வந்ததைத் தனதாக்கிக் கொள்வதும் ஒரு ஜாதியாரின் சாமர்த்தியமே. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நம்முடையவை என்று நாம் சொந்தம் கொண்டாடவில்லையா?

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு மிளகாயோடு நிற்கவில்லை. சுவையை அவர்கள் "ரோத்" என்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் அது வடமொழி "ரஸ"த்தின் உருவம். மஞ்சள் நிறக் குழம்பு ஒன்றுக்கு அங்கே "கறி" என்னும் நம் சொல்லே "கரீ" என்று பெயராக இருக்கிறது. ஆனால் சரக்குகளைக் கையாளும் விதத்தில்தான் எவ்வளவு வேற்றுமை! இருமலுக்கு மருந்தென்று நாம் அஞ்சறைப் பெட்டிக்கு அப்பால் ஒதுக்கி வைத்திருக்கும் அரத்தையை அவர்கள் தினமும் குழம்பில் போடுகிறார்கள். கொத்தமல்லிக் கட்டை வாங்கியதும் நாம் நறுக்கி எறியும் வேர், அவர்களுடைய அம்மியில் முதல் இடம் பெறுகிறது. மாடத்தில் வைத்து நாம் பூஜிக்கும் துளசியை, அவர்கள் மிளகாய், பூண்டுடன் இறைச்சியில் போட்டு வதக்கிச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள்! பெட்சபுரி என்னும் ஊரில் பனைவெல்லம் பிரசித்தம். நம் தென்பாண்டி நாட்டுக் கருப்பட்டிக்கு அங்கே ஓர் உறவினர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம்முடைய சொந்த ருசியை மறைத்து வைப்பது தர்மம் ஆகாது. நமது வாக்கு முதலாவதாக "தொம் யாம்" என்னும் புளிப்புச் சாற்றுக்கு. இறால் போட்ட தொம் யாமை 2024-ல் யுனெஸ்கோ சபை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நாம் சொல்வது காளான் போட்டுச் செய்வதை. எலுமிச்சம்புல்லும், அரத்தையும், கொழுமிச்சை இலையும் சேர்ந்து எழுப்பும் வாசனை, ரசம் சாப்பிட்டுப் பழகிய மூக்குக்கு அந்நியமாகவே தோன்றாது. இரண்டாவது வாக்கு சோம் தாமுக்கு. அதிலும் ஊசிமிளகாய் ஒன்று போட்டதற்கு மட்டும். அந்தச் சிறு மிளகாய்க்கு அவர்கள் இட்ட பெயர் "எலிப் புழுக்கை மிளகாய்" என்பது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை அவர்கள் சற்றுக் கொச்சையாகச் சொல்லியிருக்கிறார்கள்! காரம் ஆகாதவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது, ஏலமும் பட்டையும் மணக்கும் "மசமன்" குழம்பு. இரண்டாம் ராமர் என்னும் அரசர் (1809-1824) இயற்றியதாகச் சொல்லப்படும் படகுப் பாட்டில் அதற்குப் புகழ் மாலை சூட்டப்பட்டிருக்கிறது. பட் தாய்க்கு நம் பட்டியலில் கடைசி இடம். அயலூர் விடுதிகளில் அது பெரும்பாலும் சர்க்கரையில் குளித்துவிட்டு வருவதே காரணம். தேசிய உணவுக்கு இப்படிக் கடைசி இடம் கொடுக்கலாமா என்று யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். தேசியம் வேறு, நாக்கு வேறு.

சைவ உணவினருக்கு ஓர் எச்சரிக்கை. அந்தச் சமையலில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் மீன் சாறு செய்கிறது. அரைத்த மசாலாவில் கூனி இறால் விழுது கலந்திருக்கும். கண்ணுக்கு வெறும் கறிகாயாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது. "ஜே" என்று கேட்டால் மீனும் மாமிசமும் இல்லாத உணவு கிடைக்கும். அதில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்வதில்லை. காரம் கொஞ்சமாக வேண்டும் என்பவர் "பெட் நித் நோய்" என்று சொல்ல வேண்டும். "நோய்" என்றதும் அஞ்ச வேண்டாம். அவர்கள் மொழியில் அது "கொஞ்சம்" என்று பொருள்படும்.

காரம் மீறிவிட்டால் தண்ணீரைக் குடித்துப் பயனில்லை. காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பாலும் தயிரும் அதைத் தணிக்கும். நம் பாட்டிமார் சாப்பாட்டைத் தயிர் சாதத்தில் முடித்தது எவ்வளவு பெரிய யோசனை என்பது இப்போது விளங்குகிறது. தயிர்ப் பழக்கம் இல்லாத தாய்லாந்தார், வெள்ளரிக்காயையும் பச்சைக் கீரைகளையும் சோற்றையும் துணைக்கு வைத்துக் கொள்கிறார்கள்.

அந்த நாட்டுச் சாப்பாட்டில் நாம் எல்லாவற்றிலும் மேலாக மதிப்பது ஒரு பதார்த்தத்தை அன்று, ஒரு வழக்கத்தை. அங்கே சேவைக் கடைகளில் மேஜைக்கு மேஜை நான்கு சிறு ஜாடிகள் வைத்திருப்பார்கள். ஒன்றில் சர்க்கரை; ஒன்றில் மீன் சாறு; ஒன்றில் மிளகாய்ப் பொடி; ஒன்றில் மிளகாய் ஊறிய காடி. சமைத்தவர் தம்முடைய கடமையைச் செய்து அனுப்பிவிடுவார். சாப்பிடுகிறவர் நான்கு ஜாடிகளிலும் வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துத் தம் நாக்குக்கு ஏற்பச் சரிசெய்து கொள்வார். "உப்பில்லை, புளிப்பில்லை" என்று சமைத்தவரைப் பழிப்பதும் இல்லை. சமைத்தவர் அதை அவமதிப்பாக எண்ணுவதும் இல்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? தஞ்சாவூர்ப் பக்கத்து நாக்கும் செட்டிநாட்டு நாக்கும் ஒரே வீட்டில் கல்யாணத்தால் வந்து சேருகின்றன. மாமியாருக்குக் காரம் ஆகாது; மருமகளுக்குக் காரமில்லாமல் இறங்காது; குழந்தை அழுகிறது; வீட்டு எஜமானர் வாயில் கவளம் போனதும் தீர்ப்பு வழங்குகிறார். காலையிலிருந்து அடுப்பருகில் நின்றவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். ஓர் உப்புக் கிண்ணமும், ஒரு மிளகாய்ப் பொடிக் கிண்ணமும், ஒரு மூடி எலுமிச்சம்பழமும் இலைக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த வழக்குகளில் பாதி கோர்ட்டுக்கே வராது. சாம்பாரைக் காரம் குறைவாக வைத்துவிட்டு, வேண்டியவர் சேர்த்துக் கொள்ளும்படி விட்டால், குழந்தையும் தன் காலத்தில், தன் ஆசையில், காரத்துக்கு வந்து சேரும். மெக்ஸிகோ கிராமத்துக் குழந்தைகள் வந்து சேர்ந்தது போலவே.

அவரவர் நாக்கு அவரவர் தாயாரிடத்தில் பாடம் தொடங்கியது. ஆகையால் எந்த நாட்டுச் சாப்பாட்டையும், அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களின் எதிரில் நாம் பழிக்க வேண்டாம். அது அவர்களுக்குத் தாய்ச் சமையல். ஆனால் பாடம் அங்கேயே முடிந்துவிட வேண்டும் என்று எந்தத் தாயாரும் சொன்னதில்லை. அடுத்த முறை வீட்டிலுள்ள இளைஞர்கள் சயாம் தேசத்துச் சாற்றை வாங்கி வந்து ஒரு கரண்டி நீட்டினால், பெரியவர்கள் முகத்தைச் சுளிக்காமல் வாங்கி ருசித்துப் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் தயிர் சாதம் எங்கும் ஓடிப்போய்விடாது.