துவாலு கொடுத்த விலை

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஓதம் ஏறும் நாட்களில் துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் கடல், கரையைத் தாண்டி வர வேண்டும் என்பதில்லை. தரை முழுக்கப் பவளப்பாறை. அதன் துளைகள் வழியே உப்புநீர் வீட்டு வாசலிலேயே ஊற்றெடுக்கும். சேம்பு போன்ற புலாக்கா கிழங்கு விளையும் குழிகளில் உப்பு ஏறிவிட்டால் கிழங்கு அழுகிப்போகும். ஏறி நிற்க மேடு கிடையாது. துவாலு முழுவதிலும் சுமார் 11,000 பேர் வாழ்கிறார்கள்.

2023 நவம்பரில் இந்த நாடு ஆஸ்திரேலியாவுடன் ஃபலெபிலி ஒன்றியம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆண்டுக்கு 280 பேர் வரை அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். கடல் எவ்வளவு உயர்ந்தாலும் துவாலு தனிநாடுதான் என்பதையும் ஆஸ்திரேலியா ஏற்கிறது. இவை பெரிய உதவிகள், மறுக்கவில்லை. இந்தக் குடியேற்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தாரையும் சேர்த்தால், நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. பாதுகாப்பு தொடர்பாக வேறு எந்த நாட்டுடன் உடன்பாடு செய்வதானாலும் துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைப் பெற வேண்டும். ராணுவம், காவல்துறை மட்டுமல்ல. துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம்கூட இதில் அடக்கம். முந்தைய ஆண்டுதான் சாலமன் தீவுகள் சீனாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருந்தது. ஆஸ்திரேலியாவின் கவலை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. மூழ்குகிறவனிடம் படகுக்காரன் பேசும் பேரம் இது.

இந்தப் பேச்சு உலக அரங்குக்கும் போனதுண்டு. பருவநிலை மாற்றம் உலகப் பாதுகாப்புப் பிரச்சினையா என்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2007இலேயே விவாதித்தது. 2021 டிசம்பரில் இது குறித்து அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 12 வாக்குகள் கிடைத்தன. ரஷ்யா வீட்டோ போட்டது. சீனா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

எல்லா நாடுகளும் உட்கார்ந்து பேசும் பருவநிலை மாநாட்டின் வேலையைக் கவுன்சிலிடம் கொடுக்கக்கூடாது என்பது இந்தியாவின் வாதம். அதில் நியாயம் உண்டு. இத்தனை காலம் புகை கக்கி வளர்ந்த நாடுகளுக்கு அங்கே நிரந்தர இருக்கையும் வீட்டோவும் இருக்கின்றன. துவாலுவுக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த வாக்கை என்னால் ஏற்க முடியவில்லை. கவுன்சில் கதவைச் சாத்தியதால் பாதுகாப்புப் பேச்சு நின்றுவிடவில்லை. பெரிய நாடும் சிறிய நாடும் தனியறையில் உட்கார்ந்து பேசுகின்றன. யார் சொல்வது அங்கே நடக்கும் என்பது தெரிந்ததே.

அந்தத் தீர்மானம் படை அனுப்பச் சொல்லவில்லை. பருவநிலை மாற்றம் மோதல்களை எப்படித் தூண்டுகிறது என்று பொதுச்செயலாளர் இரண்டு ஆண்டுகளில் ஓர் அறிக்கை தரட்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த முறை இப்படி ஒரு தீர்மானம் வந்தால் டெல்லி அதை ஆதரிக்க வேண்டும்.