"கவனமா இரு" எண்டால் என்ன செய்யிறது?

என்ரை இடது முழங்கால் சில்லு இதுவரை நாலு தரம் கழன்றிருக்கிறது. முதல் தரம் பத்தாம் ஆண்டில், வலைப்பந்துக் கோட்டில். இரண்டாம் தரம் பஸ்ஸால் இறங்கும்போது. மூன்றாம் தரம் டியூசன் கொட்டிலில், ஆறு பேர் நெருக்கி இருந்த வாங்கிலிருந்து காலைச் சுழற்றி வெளியே எடுக்கும்போது. நாலாம் தரம் கம்பஸ் படிக்கட்டில். ஆரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், திரும்பினேன், அவ்வளவுதான். முதலாவதைத் தவிர மற்ற மூன்றையும் வெளியில் சொல்லவே வெட்கம்.

கழன்றால் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு: சில்லு முழங்காலின் வெளிப்பக்கமாய்ப் போய் நிற்கும். கால் மடிந்தபடியே இருக்கும். முன்னால் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். காலை மெல்ல நீட்டினால் பெரும்பாலும் 'டக்' என்று திரும்பிப் போய் இருந்துவிடும். இருந்ததும் நோவில் முக்கால்வாசி அடங்கிவிடும். (முழங்கால் மூட்டே விலகுவது வேறு விசயம். அதில் இரத்தக்குழாய் சேதப்படலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். நான் சொல்வது சில்லு மட்டும் விலகுவதை.)

பிரச்சினையே இந்த 'டக்'கில்தான் தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது காட்டுவதற்கு வீக்கத்தைத் தவிர ஒன்றுமிருக்காது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒண்டும் உடையேல்லை, தங்கச்சி" என்றார் டொக்டர். அம்மா அந்த இடத்திலேயே கும்பிட்டா. நோவுக்குக் குளிசை, சுற்றிக் கட்ட பண்டேஜ், இரண்டு கிழமை ஓய்வு. வெளிக்கிடும்போது ஒரு வார்த்தை: "இனிக் கவனமா இருக்கோணும்."

அம்மம்மாவுக்கு அது போதவில்லை. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் கொண்டுபோனா. அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே இல்லாமலே விரலால் தடவி எந்தப் பக்கம் சவ்வு கிழிந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னவர் அவர்தான். எண்ணெய் பூசி, புக்கை கட்டி, மூன்று கிழமை காலை அசைக்காதே என்றார். கட்டு அவிழ்த்த அன்று அவரும் அதையேதான் சொன்னார்: "கவனமா இரு பிள்ளை."

இரண்டு வைத்தியமும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசி வசனத்தில் இரண்டும் ஒத்துப்போயின. இரண்டும் விட்டுப்போன இடமும் ஒன்றுதான்.

என்ன விட்டுப்போனது என்பது நாலாம் தரத்துக்குப் பிறகு, பிசியோதெரபி அறையில்தான் எனக்கு விளங்கியது. அங்கேயிருந்த அக்கா முதலில் தையல்காரர் மாதிரி ஒரு இஞ்சி ரேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தா. இடது தொடை வலதை விட மூன்று சென்ரிமீற்றர் மெலிவு. ஐந்து வருடமாக அந்தக் காலோடுதான் குளிக்கிறேன், உடுப்புப் போடுகிறேன். நான் கவனிக்கவேயில்லை.

அவ சொன்னது இது. தொடை எலும்பின் அடியில் ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் இருக்கிறது. சில்லு அதற்குள்தான் மேலும் கீழும் ஓடும். வெளிப்பக்கம் வழுக்காமல் அதை உள்பக்கத்திலிருந்து ஒரு சவ்வு பிடித்து வைத்திருக்கும். முதல் தரம் கழரும்போது அநேகமாக அந்தச் சவ்வு கிழியும். பிறகு அது ஆறினாலும் பழைய இறுக்கத்தோடு ஆறும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கால் ஆழம் குறைவு, சிலருக்குச் சில்லு கொஞ்சம் உயரத்தில் இருக்கும், சிலருக்கு மூட்டெல்லாம் இளக்கம். என்ரை பெருவிரலை மடக்கினால் முன்கையில் முட்டும். பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டித்தான் பிள்ளைகளைப் பயப்படுத்துவேன். அதுவும் ஒரு அறிகுறியாம்.

பள்ளத்தையும் பிறவி இளக்கத்தையும் பயிற்சியால் மாற்ற ஏலாது. மாற்றக்கூடியது தொடைத் தசையும் இடுப்புத் தசையும் மட்டும்தான். சவ்வு விட்டுக்கொடுத்த வேலையில் ஒரு பங்கை அவை செய்யவேண்டும். நோவுள்ள காலில் தொடைத் தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்கிவிடும். நான் என்ன செய்தேன்? கவனமாக இருந்தேன். படியை ஒற்றைக் காலால் ஏறினேன், குந்தவில்லை, கோயிலில் சம்மாணம் கொட்டி இருக்கவில்லை, ஓடவில்லை. இடது காலுக்கு ஐந்து வருட லீவு கொடுத்திருந்தேன். கவனமாக இருக்க இருக்கத் தசை போனது. தசை போகப் போக, பஸ்ஸால் இறங்கினாலே சில்லு கழன்றது.

அதனால்தான் சொல்கிறேன், "கவனமா இரு" என்பதை மருந்துச் சிட்டையில் எழுதக்கூடாது. அதைச் சொல்பவருக்கு ஒரு செலவும் இல்லை. கேட்பவருக்கு என்ன செய்வதென்று ஒன்றும் தெரியாது. அடுத்த தரம் கழன்றால் பிழையும் எங்கட தலையில்தான்: "கவனமா இருந்திருக்கலாமே?"

எங்கட நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. அதன் அருமை எனக்குத் தெரியும். நாலு தரமும் எக்ஸ்ரேக்கு ஒரு சதம் கொடுக்கவில்லை. ஆனால் எலும்பு உடைந்தவனுக்கு இருக்கிற வரிசை, உடையாதவளுக்கு இல்லை. முதல் நாளே பிசியோவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்திருந்தால், பதினைந்து வயதில் நான் தொடங்கியிருப்பேன். அதற்கு ஸ்கானும் வேண்டாம், ஒப்பரேசனும் வேண்டாம். சுருட்டின துவாய் ஒன்றை முழங்காலுக்குக் கீழே வைத்து அமத்திப் பிடிக்கிறது. மற்றக் காலை மடித்துக்கொண்டு இந்தக் காலை நேராய்த் தூக்கிப் பிடிக்கிறது. பிறகு உப்புப் பைக்கற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு அதையே செய்கிறது. பிறகு ஒற்றைக் காலில் நிற்கிறது, படியால் மெதுவாக இறங்கிப் பழகுகிறது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை. மாதக்கணக்காக ஒவ்வொரு நாளும் செய்வதுதான் கொடுமை.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கிளினிக்கில் டொக்டர் சில்லில் பெருவிரலை வைத்து மெல்ல வெளிப்பக்கம் தள்ளினார். நான் என்னையறியாமல் அவருடைய கையை எட்டிப் பிடித்துவிட்டேன். "சொறி டொக்டர்" என்றேன். அவர் சிரித்தார். இப்படிப் பிடிப்பதுதான் அந்தப் பரிசோதனையின் முடிவாம். சில்லு நிலையில்லாதவர்கள் நோவதற்கு முதலே பயந்து கையைப் பிடிப்பார்கள் அல்லது தொடையை இறுக்குவார்கள். அதை அப்படியே குறித்துக்கொள்வார்கள். 'சும்மா பயப்பிடுறாள்' என்று ஐந்து வருடம் கேட்ட எனக்கு, அந்தப் பயமே ஒரு அறிகுறியாகப் பதிவாகியதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

இனி வலைப்பந்து. தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்துப் பந்து தூக்கின தலைமுறை நாங்கள். எங்கட உயரம் அவவின் தோளுக்கும் வராது, அது வேற கதை. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் ஓட முடியாது. ஊன்றிய காலை எடுத்து வைக்கவும் முடியாது. அந்தக் காலில் நின்றபடி சுழன்று, மூன்று செக்கனுக்குள் எறியவேண்டும். ஊன்றின பாதம் நிற்க, உடம்பு திரும்ப, முழங்கால் பாதி மடிந்திருக்க... சில்லு கழருவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. எங்கட பள்ளிக்கூடங்களில் அநேகமான பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ஒரே குழு விளையாட்டு இதுதான். மாவட்டப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முதல் விசிலடித்துக் கூப்பிடுவார்கள். எப்படித் தரையில் இறங்குவது என்று ஆரும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை.

கழன்ற பிறகு நடப்பது இன்னும் மோசம். அண்ணாவுக்குக் கிரிக்கெட்டில் தோள் விலகியபோது வீட்டில் கேட்டது, "எப்ப திரும்ப விளையாடலாம்?" என்னைப் பார்த்துச் சொன்னது, "சரி, இனி விளையாட்டுக் காணும், ஓஎல் வருது." பெரியம்மா ஒரு படி மேலே போனா: "உந்தக் கால்க் கதையை ஒருத்தருக்கும் சொல்லாதை. நாளைக்குக் கலியாணம் பேசேக்கை தேவையில்லாத கதையள் வரும்." ஒரு சில்லுக்கு இவ்வளவு எதிர்காலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒப்பரேசன் பற்றியும் பேசியிருக்கிறார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, கிழிந்த சவ்வுக்குப் பதிலாய் வைத்துக் கட்டுவார்கள். விளையாட்டுக்குத் திரும்ப ஆறு மாதத்துக்கு மேல் போகலாம். அதற்குப் பிறகும் இதே துவாய், இதே உப்புப் பைக்கற். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஏழு மாதமாகப் பயிற்சி செய்கிறேன், மூன்று சென்ரிமீற்றர் ஒன்றாகியிருக்கிறது, சில்லு கழரவில்லை. ஆனால் கிளினிக் நாளும் விரிவுரை நாளும் ஒன்றாய் வருகிறது, எண்பது வீத வரவுக்கு முழங்கால் விளங்காது. நொண்டாமல் நடந்துபோய் மெடிக்கல் கொடுத்தால் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே கொஞ்சம் நொண்டினதும் உண்டு.

போன மாதம் பீடங்களுக்கிடையிலான போட்டிக்குப் பயிற்சி நடந்தது. நான் புள்ளி எழுதப் போயிருந்தேன். முதலாம் வருடப் பிள்ளை ஒன்று பந்தோடு சுழன்று அப்படியே இருந்துவிட்டாள். பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க வந்தார்கள். "தொடாதேங்கோ, அவள் தானா மெல்ல நீட்டட்டும்" என்று கத்தினேன். நீட்டினாள், போய் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எலும்பு ஒன்றும் உடையவில்லை, கவனமாக இருக்கட்டாம். நான் வாசலில் நின்ற டொக்டரிடம் திரும்பிப் போய், பிசியோவுக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்.

நேற்று இரவு அவளிடமிருந்து வட்ஸ்அப் வந்தது. "அக்கா, துவாயைப் பத்துத் தரமா அமத்தச் சொன்னவை, இருபதா? மறந்திட்டன்."