எழுத்து எல்லார்க்கும் கண்ணாகுக!

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்குக் கண் என்றார் திருவள்ளுவர். அங்ஙனமாயின், முகத்திலுள்ள கண்ணின் ஒளி குன்றிய ஒரு மாணவனுக்கு எழுத்து எவ்வாறு கண்ணாகும்? நமது கல்லூரி விழாக் கொண்டாடும் இந்நாளில், பழம் பெருமை பேசி மகிழ்வதனூடே, இவ்வினாவைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் முன்வைக்க விழைகின்றோம்.

வினா கற்பனையன்று. பார்வை மிகக் குன்றிய மாணவன் ஒருவன் நம்மிடம் தமிழ் பயின்றான். கைத்தொலைபேசியைச் செவியருகே வைத்து, அது வாசிக்கக் கேட்டே பாடங் கற்பவன். ஊர் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதுமாறு வகுப்பிற் பணித்தபோது, தொண்டர் சிலர் நடத்தும் ஆவணத்தளம் ஒன்றில் அதற்குரிய நூல் உளது என்று நாமே அவனுக்குக் கூறினோம். மறுநாள் வந்தவன், நூல் கிடைத்தது என்றும், ஆனால் தொலைபேசி “பக்கம் ஒன்று, படம், பக்கம் இரண்டு, படம்” என்பதன்றி வேறொரு சொல்லும் சொல்லவில்லை என்றும் கூறினான். அன்றிரவு நாமே அந்நூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்தோம். கட்டுரையை அவன் நன்றாகவே எழுதினான். ஆயினும், ஏனையோர் தாமே படிப்பதை ஒருவன் மட்டும் பிறர் வாய் திறக்கும்வரை காத்திருந்து பெறுதல் முறையாகுமா? நூல் அங்கே இருந்தது. அவனுக்கு இல்லாமலும் இருந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆவணப்படுத்தல் நமது கரைக்குப் புதியதன்று. கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் தொகுத்து 1834இல் ஒரு விவரத் திரட்டினை வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் புளூராக்’ 1859இல் வெளிவந்தது. செய்திகளைச் சேர்த்தது அவர்தம் உழைப்பு. தேடுவோன் விரைந்து கண்டடையுமாறு வரிசைப்படுத்தியது அவர்தம் அறிவு. இரண்டும் சேர்ந்தமையாலேயே அத்திரட்டு பயன்பட்டது.

சேர்த்தவற்றை இழந்த துயரையும் நம்மவர் அறிவர். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் நமது புத்தளப் பகுதியிலேயே வந்து குடியேறினர். உடுத்த உடையோடு வந்தவர்க்கு ஏட்டையும் நூலையும் எடுத்துவர ஏது வழி? இத்தகைய இழப்புகள் இனியும் நேராவண்ணம் காக்க முன்வந்தவர்கள் ஊதியம் கருதாத தொண்டர்களே. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழும் கலியாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளிலுமுள்ள அன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி அதற்கு அளித்தனர். 2005இல் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் தோன்றியது. நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்களோடு பாடசாலைச் சிறப்பு மலர்களும் பல்லாயிரக்கணக்கில் அதன்கண் சேர்ந்துள்ளன. இத்தொண்டர்களுக்குத் தமிழுலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. குறை காண்பது நமது நோக்கமன்று. அவர்தம் பளுவில் ஒரு பங்கினை நாமும் சுமக்கவேண்டும் என்பதே நமது கருத்து.

சேர்த்தல் பாதித் தொண்டு. எட்டச் செய்தல் மறுபாதி. முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பழைய ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளியில்லை, சொற்களுக்கிடையே இடைவெளியில்லை, எகர ஏகார வேறுபாடும் விளங்காது. பயின்ற புலவர்க்கன்றிப் பிறர்க்கு அவ்வேடுகள் பூட்டிய பெட்டிகளாகவே இருந்தன. வீரமாமுனிவர் குறில் நெடில் எழுத்துகளின் வடிவை வேறுபடுத்தினார். வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகளை இட்டு, எளிய உரைநடையில் நூல்களைப் பதிப்பித்தார். இவற்றை எவரேனும் வெறும் ஒப்பனை என்பரோ? ஒப்பனை வேறு; ஒழுங்கு வேறு. ஏட்டிலிருந்து அச்சிற்கு வந்தபோது அவர்கள் செய்த அப்பணியை, அச்சிலிருந்து திரைக்கு வந்துள்ள இக்காலத்தில் செய்யவேண்டியவர் நாமே.

செய்யவேண்டியன யாவை? உலகளாவிய வலைக்கு நெறி வகுக்கும் கூட்டமைப்பு, எவரும் அணுகத்தக்க தளம் எவ்வாறு அமையவேண்டும் என்பதனை 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்நெறிகள் விரிவுபெற்றன. அவற்றுட் சிலவற்றை ஈண்டு எளிதாகக் கூறுவோம். எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது. வெண்திரையில் வெளிர்சாம்பல் எழுத்து பார்வைக்கு நயமாகத் தோன்றலாம். வெள்ளெழுத்து வந்த முதியவர்க்கு அது வெறுந்தாளே. எழுத்தை இருமடங்கு பெருக்கினும் பக்கம் சிதையலாகாது. தலைப்பைத் தடித்த எழுத்தில் இட்டால் மட்டும் போதாது. தலைப்பு என்றே கணினிக்கு உணர்த்தவேண்டும். அப்போதுதான் செவியாற் படிப்பவன் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்பிற்குத் தாவிச் செல்லவியலும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்காவிடின், வாசிக்குங் கருவி ஆங்கிலக் குரலால் தமிழைப் படிக்க முயன்று தடுமாறும். ஒவ்வொரு படத்திற்கும் அதனை விளக்கும் ஓரிரு வரிகள் வேண்டும். உடப்புக் கரையில் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடலை ஒலிப்பதிவாக வைப்பின், செவிப்புலன் குன்றியவர்க்காக அதன் சொற்களையும் எழுத்தில் தரவேண்டும்.

தமிழுக்கே உரியனவும் சில உள. நமது எழுத்துகள் மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்டவை. ஆதலின் ஆங்கிலத்திற்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. நமது சொற்கள் நீண்டவை. கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் இருபுறமும் ஓரம் நேராக்க முனைந்தால் வரிக்கு வரி பள்ளம் விழும். இவற்றையெல்லாம் தமிழறிந்தவரே எடுத்துரைத்தல் வேண்டும்.

“முதலிற் சேர்ப்போம், அழகு பார்ப்பது பிறகு ஆகட்டும்” என்பார் உளர். அவர் கூற்றில் நியாயமில்லாமலில்லை. கரையான் காத்திராது, நமது கரையின் உப்புக்காற்றும் காத்திராது. தொண்டரோ சிலர், அவர்க்குக் கிடைக்கும் நேரமோ ஓய்வுப்பொழுது மட்டுமே. ஆயின், மேற்கூறியவற்றுட் பல ஒரே முறை செய்து முடிக்கத்தக்கவை. ஆயிரம் பக்கங்களின் தோற்றத்தையும் ஆளுவது பெரும்பாலும் ஒரு சில கோப்புகளே. அவற்றைத் திருத்தினால் ஆயிரம் பக்கமும் ஒருங்கே திருந்தும். அதற்கு வேண்டுவது பணமன்று. கணினி கற்ற இளைஞர் சிலரின் சில நாள் உழைப்பு. அத்தகையோர் நமது பழைய மாணவரிடையே கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் உளர்.

உண்மையிற் பெரும் உழைப்பு வேண்டுவது பிறிதொன்று. மின்வருடிய பக்கம் மனிதனுக்கு எழுத்து. கணினிக்கு அது படம். நமது மாணவனின் தொலைபேசி வாய்மூடியதன் காரணம் இதுவே. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உள. எனினும் பழைய அச்சில் காலையும் ரகரத்தையும் அவை மயங்குகின்றன. றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களைக் கண்டு இடறுகின்றன. அப்பிழைகளைக் களைய மனிதக் கண் வேண்டும்; தமிழறிந்த கண் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாளுக்கு ஒரு பக்கம் திருத்துவாராயின் ஆண்டிற்கு ஒரு நூல் நிறையும். இருபதின்மர் சேர்ந்தால் ஒரு சிறு நூலகமே பேசத் தொடங்கும். மாணவர்க்கும் இது நற்பயிற்சியாம். எழுத்துப்பிழை நீக்கப் பயிற்றுவதற்கு இதனினும் சிறந்த பாடத்தை நாம் கண்டிலோம்.

இஃது இரக்கத்தின்பாற்பட்டதுமன்று, உரிமையின்பாற்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் உறுதிசெய்தது. பார்வை குன்றியோர்க்கு நூல்கள் எட்டுதற்குரிய மராக்கேசு உடன்படிக்கையிலும் அதே ஆண்டில் இணைந்தது. கைச்சாத்திட்டது நாடு, செய்துகாட்டவேண்டியவர் நாம்.

எங்கே தொடங்குவது? இம்மலரிலேயே தொடங்கலாம் என்பது நமது முடிபு. இன்றும் அச்சகங்கள் பலவற்றிற் பயிலும் பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவை ஏற்றி வைப்பவை. அவற்றில் அமைத்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். வாசிக்குங் கருவிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும். ஆதலின், இம்மலரின் கட்டுரைகளை யூனிகோட் எழுத்திலும் சேமித்து, ஒவ்வொரு நிழற்படத்தின்கீழும் யார், எங்கே, என்ன செய்கின்றனர் என்பதனை எழுதி, அச்சுப் பிரதியோடு அம்மின்பிரதியையும் தொண்டர்தம் நூலகத்திற்கு அளிக்குமாறு மலர்க்குழுவினரை வேண்டுகின்றோம். பின்னர் நமது பழைய மலர்களையும் ஒவ்வொன்றாக அவ்வாறே திருத்திக் கொடுக்கலாம். இதற்கெனப் பழைய மாணவர் சங்கம் ஒரு சிறு குழுவை அமைப்பின், முதற் பக்கத்தைத் திருத்த நாம் ஆயத்தமாயுள்ளோம்.

மண்டபம் கட்டினால் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படும்; பிழை திருத்திய பக்கத்தில் எவர் பெயரும் இராது. ஆயினும், என்றோ ஒரு நாள், எங்கோ ஓர் இல்லத்தில், ஒரு சிறுவனின் தொலைபேசி “படம்” என்று கூறி நின்றுவிடாமல் நமது ஊரின் வரலாற்றை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குமாயின், அதுவே இக்கல்லூரி நமக்களித்த கல்விக்கு நாம் செலுத்தும் தக்க கைம்மாறு ஆகும்.

வாழ்க நமது கல்லூரி! வளர்க தமிழ்த்தொண்டு!