வெண்குஷ்டம் இல்லீங்க, வெண்புள்ளி!

இந்த முறை பங்குச்சந்தையும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. என் தோலைப் பற்றி எழுதப் போகிறேன். என் கைகளிலும் உதட்டோரத்திலும் இருக்கும் வெள்ளைத் திட்டுகளைப் பற்றி வகுப்பில் பலருக்குக் கேட்க ஆசை, ஆனால் தயக்கம். நானே சொல்லிவிடுகிறேன்.

இது வெண்புள்ளி. ஆங்கிலத்தில் விட்டிலிகோ. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. அந்த இடம் வெளுத்துவிடும், அவ்வளவுதான். தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உலகில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. "மீனும் தயிரும் சேர்த்து சாப்பிட்டியா?" என்று கடலூரில் கேட்காத ஆள் இல்லை. மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

உண்மையான பிரச்சினை 'வெண்குஷ்டம்' என்ற பெயர்தான். தொழுநோய் கிருமியால் வருவது. அதையே இன்று மாத்திரையில் முழுதாகக் குணப்படுத்தலாம், அதுவும் இலவசமாக. இரண்டும் வேறு வேறு. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிறது, பெண் பார்க்க வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் போன்றவர்கள் விடாமல் கேட்டதால், 'வெண்புள்ளிகள்' என்றே குறிப்பிட வேண்டும் என்று தமிழக அரசே ஆணையிட்டது. அரசு மாறிவிட்டது, நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.

சிதம்பரத்தில் ஒரு தலபுராணம் சொல்வார்கள். தோல் நோயோடு வந்த சிம்மவர்மன் சிவகங்கைத் தீர்த்தத்தில் மூழ்கி, பொன்னிற மேனியோடு எழுந்து இரணியவர்மன் ஆனானாம். அதன் பிறகுதான் பட்டம் சூட்டிக்கொண்டான். அழகான கதைதான். ஆனால் நம் வீடுகளிலும் இதே வரிசையை எதிர்பார்க்கிறார்களே! முதலில் நிறம் திரும்ப வேண்டும், அப்புறம்தான் வேலை, கல்யாணம், போட்டோ எல்லாம். அதுவரை நான் வாராக்கடன் கணக்கில்!

சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. களிம்பு இருக்கிறது, ஒளி சிகிச்சை இருக்கிறது. ருக்சோலிட்டினிப் களிம்புக்கு அமெரிக்கா 2022-ல் அனுமதி கொடுத்தது. சிலருக்கு நிறம் திரும்புகிறது, சிலருக்கு இல்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள். '30 நாளில் குணம்' என்று போஸ்டர் ஒட்டுபவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

மைக்கேல் ஜாக்சன் 1993-ல் ஓப்ராவிடம் தனக்குத் தோலில் நிறம் போகும் நோய் இருப்பதாகச் சொன்னார். வெள்ளைக்காரனாக மாற ஆசைப்பட்டார் என்றே பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்த ஜூன் 25 இன்று உலக வெண்புள்ளி தினம். கனடாவின் வின்னி ஹார்லோ அதே திட்டுகளோடு உலகம் அறிந்த மாடல்.

நான் மாடல் இல்லை, பி.காம். மாணவன். அரைக்கைச் சட்டை போடுகிறேன், சில்வர் பீச் போகிறேன். அந்த இடங்கள் வெயிலில் சீக்கிரம் எரியும் என்பதால் சன்ஸ்கிரீன் மட்டும் தடவிக்கொள்கிறேன். உங்களிடம் நான் கேட்பது பரிதாபமும் இல்லை, பாட்டி வைத்தியமும் இல்லை. கை கொடுத்தால் தயங்காமல் குலுக்குங்கள். பெயரையும் சரியாகச் சொல்லுங்கள்.