அரைப்பக்கக் கோப்பும் நூறாண்டு மழையும்

25,425,900. இது ஏதோ ஊழல் கணக்கு அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் கால் டிகிரி மழைத் தரவில் ஒரு வருடக் கோப்பின் அளவு, பைட்டுகளில். கிழக்கு மேற்காக 135 புள்ளிகள், தெற்கு வடக்காக 129 புள்ளிகள், 365 நாட்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் 4 பைட். பெருக்கிப் பார்த்தால் சரியாக வரும். லீப் வருடமென்றால் இன்னும் 69,660 பைட் கூடும். 1901-லிருந்து இப்படி வருடத்துக்கு ஒரு கோப்பு.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே எண்களைத் தவிர வேறெதுவும் இருக்காது. எந்த ஊர், எந்தத் தேதி, மில்லிமீட்டரா சென்டிமீட்டரா, ஒரு வார்த்தை கிடையாது. அதையெல்லாம் சொல்வது பக்கத்தில் இருக்கும் இன்னொரு குட்டிக் கோப்பு. அமெரிக்காவின் கோலா ஆய்வு மையத்தில் பிரையன் டோட்டி உருவாக்கிய கிராட்ஸ் மென்பொருளைத் தொட்டவர்களுக்கு அது சிடிஎல் கோப்பு என்று தெரியும். அரைப்பக்கம்தான் இருக்கும். டிசெட் என்ற வரி தரவு எங்கே என்று சொல்லும். அன்டெஃப், 'இங்கே தரவு இல்லை' என்பதற்கு எந்த எண் என்று சொல்லும். எக்ஸ்டெஃப், ஒய்டெஃப், இசட்டெஃப், டிடெஃப் நான்கும் தீர்க்கம், அட்சம், உயரம், காலம். கடைசியில் மாறிகளின் பட்டியல். அவ்வளவே.

இந்த அரைப்பக்கத்தைப் பல்கலைக்கழகங்களில் யாரும் மதிப்பதில்லை. முதுகலை மாணவர் சீனியரிடம் ஒரு பழைய சிடிஎல் கோப்பை வாங்குவார், நாலு எண்ணை மாற்றுவார், படம் வந்ததும் அதை மறந்துவிடுவார். ஆய்வேட்டில் சமன்பாடுகளுக்கு இருபது பக்கம், மேற்கோள்களுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குவார்கள். எல்லாப் படங்களும் எந்த அரைப்பக்கத்தை நம்பி வரையப்பட்டனவோ அதற்கு ஒரு வரிகூட இல்லை. இது அசட்டையா, அறியாமையா தெரியாது. ஆனால் பெரிய தவறு.

சத்தம் போடும் பிழைகள் பிரச்சினையே இல்லை. டிடெஃப் வரியில் மாதத்துக்கு 'எம்ஓ' என்று போட வேண்டும். பலர் 'எம்என்' என்று போடுவார்கள். கிராட்ஸுக்கு அது நிமிடம்! பன்னிரண்டு மாத மழையும் ஜனவரி முதல் தேதி நள்ளிரவில் பன்னிரண்டே நிமிடத்தில் பெய்து முடிந்துவிடும். பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

பைட் வரிசைப் பிழை கொஞ்சம் மோசம். பிக் எண்டியன் கணினியில் எழுதிய கோப்பை அப்படியென்று சொல்லாமல் சாதாரண மேசைக் கணினியில் படித்தால் 1.0 என்ற எண் 4.6-ஐ 10-இன் மைனஸ் 41-ஆம் அடுக்கால் பெருக்கியதாக மாறும். அதாவது பூஜ்யம் மாதிரி. வேறு சில எண்கள் கோடானுகோடியாக வந்து நிற்கும். வரைபடமே அலறும் என்பதால் இதிலும் தப்பிக்கலாம்.

பயப்பட வேண்டியது சத்தம் போடாத பிழைகளுக்குத்தான். 1948-லிருந்து இருக்கும் என்செப்-என்கார் மறுபகுப்பாய்வுத் தரவை எடுத்துக்கொள்வோம். இரண்டரை டிகிரிக்கு ஒரு புள்ளி, 144-க்கு 73. அது வட துருவத்தில் ஆரம்பித்துத் தெற்கே இறங்குகிறது. கிராட்ஸோ தெற்கிலிருந்து வடக்கே ஏறுவதாகவே எண்ணிக்கொள்ளும். அதைத் தனி பைனரிக் கோப்பாக எடுத்து சிடிஎல் எழுதும்போது 'ஒய்ரெவ்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் உலகம் தலைகீழ். உலகப் படம் வரைந்தால் அண்டார்டிகாவின் குளிர் மேலே தெரியும், கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மாணவர் சென்னைக்கு மட்டும் ஒரு வரைகோடு போடுகிறார் என்றால்? 13 டிகிரி வடக்குக்குப் பதில் 13 டிகிரி தெற்கு, நடு இந்தியப் பெருங்கடல் வந்து நிற்கும். அதுவும் வெப்ப மண்டலம்தான், வெப்பநிலையும் நம்பும்படியே இருக்கும். கோடு அழகாக ஏறி இறங்கும். கத்திரி வெயில் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால்தான் உண்டு.

அன்டெஃப் இன்னும் நயமாக ஏமாற்றும். வானிலைத் துறையின் மழைத் தரவில் தரவற்ற இடத்துக்கு எண் மைனஸ் 999. ஒரு டிகிரி வெப்பநிலைத் தரவில் அது 99.9. மழைக்கு எழுதிய சிடிஎல் கோப்பை நகலெடுத்து வெப்பநிலைக்குப் பயன்படுத்துகிறவர் 135, 129 என்பதை 31, 31 என்று மாற்றிவிடுவார், அது கண்ணில் படும். அன்டெஃப் வரி கண்ணில் படாது. இப்போது கடற்கரையோரம் ஒன்பது புள்ளிகளுக்குச் சராசரி எடுக்கட்டும். எட்டுப் புள்ளிகளில் 32 டிகிரி, கடலில் விழுந்த ஒன்பதாவதில் 99.9. சராசரி 39.5 டிகிரி! மே மாதத்துக்கு இது இயல்பான எண். கைடும் தலையாட்டுவார், தேர்வாளரும் தலையாட்டுவார். அப்புறம் அந்த எண் ஒரு கட்டுரைக்குப் போகும், அங்கிருந்து பயிர்க் காப்பீடு பற்றிய ஏதோ அறிக்கைக்குப் போகும்.

அலகு விஷயமும் இப்படியே. மாறியின் பெயருக்குப் பக்கத்தில் 'மழை, நாளுக்கு மிமீ' என்று எழுதலாம். அது மனிதர்கள் படிப்பதற்கு மட்டும்தான், கிராட்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. பருவநிலை மாதிரிகள் பல, மழையைச் சதுர மீட்டருக்கு வினாடிக்கு இத்தனை கிலோ என்று தருகின்றன. 86,400-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கியாயிற்றா இல்லையா என்பதை அந்த விளக்க வரியில் நேர்மையாக எழுதுபவர் எத்தனை பேர்?

'இதெல்லாம் பழைய கதை, இப்போது நெட்சிடிஎஃப் இருக்கிறதே, பைத்தானில் ஒரே வரியில் திறந்துவிடலாமே' என்று சிலர் சொல்வார்கள். பாதி நியாயம். நெட்சிடிஎஃப் கோப்பு தன்னைத் தானே விவரித்துக்கொள்ளும், அச்சுகளும் அலகுகளும் உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த விவரங்களை உள்ளே வைத்ததும் ஒரு ஆள்தானே! அவர் அட்சரேகையைத் தலைகீழாக எழுதியிருந்தால் கோப்பு தன்னைப் பற்றித் தானே பொய் சொல்லும். சிடிஎல் கோப்பிலாவது சந்தேகம் வந்தால் எடிட்டரில் திறந்து படிக்கலாம். நெட்சிடிஎஃப் கோப்பின் தலைப்பைத் தனி ஆணை கொடுத்துப் பார்க்க வேண்டும், அதைச் செய்கிறவர்கள் குறைவு. கருவி மாறியிருக்கிறது, பொறுப்பு மாறவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது கஷ்டமானதல்ல. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சிடிஎல் கோப்பை அப்படியே அச்சிட வேண்டும். அரைப்பக்கம், காகிதச் செலவு ஒன்றுமில்லை. வாய்மொழித் தேர்வில் அன்டெஃப் ஏன் இந்த எண் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். கோப்பில் நட்சத்திரக் குறியிட்டுக் குறிப்பு எழுத வசதி இருக்கிறது. யார் எழுதியது, எந்தத் தேதியில், எதிலிருந்து நகலெடுத்தது என்று மூன்று வரி போட்டால் அடுத்து வாங்கும் ஜூனியர் பிழைத்துக்கொள்வார். முதல் கோப்பை மட்டுமாவது மாணவர்கள் யாரிடமும் வாங்காமல், பைட் கணக்குப் போட்டுக் கையால் எழுத வேண்டும். ஒரு மதியம் போகும், போகட்டும்.

எழுதியபின் எல்லாருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளை எடுத்துச் சோதிக்கலாம். 2015 டிசம்பர் 1 அன்று சென்னையில் பெய்த மழை இருக்கிறதே, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. கோப்பில் அது 335-ஆவது நாளில் இருக்கும் என்று தேடினால் ஏமாற்றம்தான். வானிலைத் துறையின் மழை நாள் காலை எட்டரைக்கு முடிகிறது. டிசம்பர் 1 பகலும் இரவும் கொட்டியது டிசம்பர் 2-இன் கணக்கு, அதாவது 336-ஆவது நாள். அந்த நாளின் படத்தில் கருநீலத் திட்டு சென்னையின் மேல் உட்கார்ந்திருந்தால் எக்ஸ்டெஃப், ஒய்டெஃப், டிடெஃப் மூன்றும் சரி. கடலுக்குள்ளோ வேலூர்ப் பக்கமோ தள்ளி நின்றால் தொடக்கத் தீர்க்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். 66.5 என்று இருக்க வேண்டும்.