சிக்கு, பாவு, ஊடை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் நடந்து செல்பவர்கள், தெருவின் நீளத்திற்கு நீட்டிக் கட்டிய பட்டுப் பாவைக் கண்டிருப்பர். முன்போல் எல்லாத் தெருக்களிலும் காணக்கூடிய காட்சியன்று. எனினும் முற்றும் மறைந்துவிடவில்லை. வெயில் ஏறுமுன் கஞ்சி பூசி, அறுந்த இழைகளை முடிந்து, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு பிரித்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே திசை நோக்கி, ஒரே இறுக்கத்தில் கிடக்கும் அவ்வொழுங்கை நாம் வியப்பின்றிக் கடந்து போகிறோம். அதே ஒழுங்கைப் பெற இன்று ஆய்வுக்கூடங்களில் பெருமுயற்சி நடைபெறுகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

அறிவியலார் ‘எலக்ட்ரோஸ்பின்னிங்’ என்று வழங்கும் முறையைத் தமிழில் ‘மின்நூற்பு’ எனலாம். இதில் இராட்டையும் இல்லை, கதிரும் இல்லை. பலபடிப் பொருள் ஒன்றைக் கரைத்துப் பாகாக்கி, ஊசிமுனை வழியே மெல்ல வெளிவிடுகின்றனர். ஊசிக்கும், ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் எதிரே நிற்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தரப்படுகிறது. ஊசிமுனைத் துளி கூம்பாக நீள்கிறது. அதன் நுனியிலிருந்து ஒரு தாரை பாய்ந்து, சாட்டைபோல் சுழன்று மெலிந்து, வழியிலேயே உலர்ந்து, இழையாய்த் தகட்டில் படிகிறது. 1934ஆம் ஆண்டில் ஆன்டன் பார்ம்ஹால்ஸ் என்பவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். துளி கூம்பாவதன் கணக்கை 1964இல் ஜி. ஐ. டெய்லர் விளக்கினார். 1990களில் அமெரிக்காவின் ஆக்ரான் பல்கலைக்கழகத்தில் ரெனேக்கர் குழுவினர் மீண்டும் கையிலெடுத்த பின்னரே இது உலகெங்கும் பரவியது.

பட்டுப்புழுவின் இழை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் பருமன் உடையது. மின்நூற்பு இழையோ அதில் பத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். நூறில் ஒரு பங்காகவும் இருக்கலாம். பார்வை நுழைந்து இழையின் வழியைக் காண முடியாத நுண்ணிய ஆடையைப் பாம்பின் தோலுக்கு ஒப்பிடுகிறது பொருநராற்றுப்படை. அதனை உயர்வு நவிற்சி என்று வகுப்பில் நானே கூறியிருக்கிறேன். இப்போது அவ்வாறு கூறத் தயக்கமாக உள்ளது.

இத்துணை மெல்லிய இழை எதற்கு? முதலாவது, நொதிகளைத் தாங்குவதற்கு. நாம் உண்ணும் சோற்றைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குவது உமிழ்நீரில் உள்ள நொதி. ஆலைத் தொட்டியில் இத்தகைய நொதி ஒன்றைக் கலந்தால், வேலை முடிந்தபின் அதனைத் திரும்பப் பெறுவது அரிது, நீரோடு போய்விடும். ஒரு தாங்கியின்மேல் பிணைத்துவிட்டால், கழுவி மீண்டும் மீண்டும் பயன்கொள்ளலாம். 1916ஆம் ஆண்டிலேயே நெல்சன், கிரிஃபின் என்னும் இருவர் கரியில் படியவைத்த நொதி தன் தொழிலை இழக்காமை கண்டனர். இழை மெலிய மெலிய, அதே எடைக்குப் பரப்பு மிகும்; பரப்பு மிகின் அமரும் நொதியும் மிகும். சாயங்களைச் சிதைக்கவல்ல லாக்கேஸ் என்னும் பூஞ்சை நொதியை இவ்விழைகளில் பிணைத்துச் சாயநீரின் நிறம் போக்கும் ஆய்வுகள் பல நடந்துள்ளன. வேகவதிக் கரையில் வாழ்வோர்க்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குடுவையில் வென்றது சாயப்பட்டறை வாய்க்காலிலும் வெல்லும் என்று உறுதி கூறவியலாது. அங்குள்ள உப்பும் சோப்பும் சூடும் நொதியைக் கெடுக்கக் கூடும். ஆயினும் அதனைச் சோதித்துப் பார்க்க நம் ஊரினும் தகுந்த ஊர் எது?

இரண்டாவது பயன், உயிரணு வளர்ப்பு. நம் உடலின் உயிரணுக்கள் கொலாஜன் முதலிய நுண்ணிழைகளின் வலையில் தங்கி வாழ்கின்றன. தட்டையான கண்ணாடியில் வளர்த்தால் பரந்து படுத்து இயல்பு திரிகின்றன. அவ்வலையை ஒத்த இழைப்படலம் கிடைத்தால், தீக்காயத்திற்கும் சர்க்கரை நோயாளியின் ஆறாப் புண்ணுக்கும் தோல் வளர்க்கலாம் என்பதே ஆய்வாளர் நம்பிக்கை. 2002இல் டேவிட் கப்லான் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் பட்டையே கரைத்து மின்நூற்பு செய்து காட்டினர். அவர்கள் முதலில் செய்யும் வேலை நம் ஊராருக்குப் பழையது: கொதிநீரில் பசை நீக்குதல். பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிய செரிசின் என்னும் பசை அவ்வாறே இங்கும் நீரோடு போகிறது. எஞ்சும் ஃபைப்ராயினை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, புழுவின் வயிற்றில் இருந்ததுபோல் மீண்டும் நீர்மமாக்குகின்றனர்.

கொலாஜனும் ஜெலட்டினும் எவ்விலங்கிலிருந்து வந்தவை என்று நம் பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பட்டில் அக்கேள்வி எழாது. ஆண்களுக்குப் பட்டாடையை விலக்கிய மார்க்கத்தில், தோல் அரிப்பால் வருந்திய நபித்தோழர் இருவர்க்கு அண்ணலார் (ஸல்) அதனை அணிய இசைவளித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

தமிழ்நாட்டிலும் இவ்வாய்வு நடைபெறுகிறது. தஞ்சாவூரை அடுத்த சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தார், ஒரே திசையில் அமைந்த மின்நூற்பு இழைகளை நரம்பு வளர்ச்சிக்குத் தாங்கியாக்கிய ஆய்வை 2011இல் வெளியிட்டனர். இழை செல்லும் திசையிலேயே நரம்பணுவும் நீள்வதே அதன் அடிப்படை.

என்னிடம் பகுதி ஒன்றில் தமிழ் பயின்று, பின்னர் விலங்கியலில் மேற்படிப்புக்குச் சென்ற நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர், இத்துறையின் நுண்ணோக்கிப் படங்கள் இரண்டைத் தம் தந்தையிடம் காட்டியிருக்கிறார். முதற்படத்தில் இழைகள் தாறுமாறாகக் கிடந்தன. “இது சிக்கு” என்றாராம் தந்தை. இரண்டாவதில் இழைகள் ஒரே திசையில் கிடந்தன. “இது பாவு. ஊடை எங்கேப்பா?” என்று கேட்டாராம்.

குழித்தறியில் கால் நூற்றாண்டு அமர்ந்தவரின் அக்கேள்வி, துறை வல்லுநர்களின் கேள்வியே ஆகும். நெருங்கிப் படிந்த படலத்தினுள் உயிரணு புக இடமில்லை. ஊடையில்லாப் படலம் இழுவிசையைத் தாங்குவதும் குறைவு. ஓர் ஊசி ஒரு மணி நேரத்தில் ஒரு கிராம் இழை தருவதும் அரிது. ஆகவே மின்நூற்பு இழைகளை முறுக்கி நூலாக்கி, அந்நூலை நெய்து பார்க்கும் முயற்சிகள் எழுந்துள்ளன. நெசவில்தான் வந்து நிற்கிறார்கள்!

என் குறை என் துறையின் மீதுதான். கலைச்சொல் ஆக்கும் நாம் அகராதியைப் புரட்டுகிறோம், தறிவீட்டுப் படியேறுவதில்லை. பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா, கோர்வை என்று இவ்வூரார் நாவில் புழங்கும் சொற்கள் பொருளும் நுட்பமும் நிறைந்தவை. தறி இறங்கிய வீட்டில் அடுத்த தலைமுறைக்கு அவை எட்டுவதில்லை. அம்மாணவர் பட்ட ஏட்டை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தந்தைக்காக ஒரு பக்கம் தமிழில் எழுதி என்னிடம் திருத்தக் கொண்டுவந்தார். நான் அதில் ஐந்து இடங்களில் ‘ஒருதிசைத் தாங்கி’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அப்பக்கம் திரும்பி வந்தது. ஐந்து இடங்களிலும் என் சொல் அடிக்கப்பட்டு, மேலே வேறொரு கையெழுத்தில் ‘பாவு’ என்று இருந்தது. நான் அதனைத் திருத்தவில்லை.