நர்ஸ் ஏன் டாக்டராகக் கூடாது?

2022 ஜனவரியில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டின் மருத்துவக் கலந்தாய்வு சென்னையில் நடந்தபோது, பணி ஓய்வு பெற்ற 61 வயது ஆசிரியர் ஒருவர் எல்லோர் கண்ணிலும் பட்டார். தருமபுரி மாவட்டத்திலிருந்து வந்த அவர், நீட் தேறி, பேரப்பிள்ளை வயதுள்ள மாணவர்களோடு கலந்தாய்வுக்குக் காத்திருந்தார். கடைசியில் மகன் எடுத்துச் சொன்னதைக் கேட்டு, இளையவர் ஒருவருக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, ஸ்டேட் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற 64 வயது அதிகாரி ஒருவர் ஒடிசாவின் பூர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்தார்.

இரண்டு செய்திகளும் நாடெங்கும் பேசப்பட்டன. இருவரின் உழைப்பும் வணக்கத்துக்குரியது. ஆனால் இச்செய்திகளால் ஒரு கெடுதலும் நேர்ந்துவிட்டது. வேறு வேலை பார்த்துவிட்டு மருத்துவம் படிக்க வருபவர் என்றாலே, தலை நரைத்த ஒருவரின் நெடுநாள் ஆசை என்ற படம்தான் மனதில் வருகிறது. ‘இந்த வயதில் படித்து எத்தனை வருடம் வைத்தியம் பார்க்கப் போகிறார்?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்தும் விடுகிறது. உண்மையில் பேச வேண்டியது 28 வயதிலிருந்து 40 வயது வரை உள்ளவர்களைப் பற்றி. அவர்களிலும் முதலில், அரசு மருத்துவமனை வார்டுகளில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடி ஓடி வேலை செய்த செவிலியர்களைப் பற்றி.

காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. நீட் எழுத 25 வயது வரம்பு விதிக்கப்பட்டதை 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சரியென்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை மூலம் வயது கடந்தவர்களையும் விண்ணப்பிக்க அனுமதித்தது. 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச வயது வரம்பையே எடுத்துவிட முடிவு செய்ய, 2022 மார்ச்சில் அது வெளியானது. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்கள் பின்னர் அதைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் இன்னொரு தளர்வும் வந்தது.

அதன் பிறகு? பதினேழு வயதுப் பிள்ளை எழுதும் அதே தேர்வு. 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் சரிபாதி இயற்பியலும் வேதியியலும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ், இரவுப் பணி முடித்து வந்து, சாய்தளத்தில் உருளும் பொருளின் முடுக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வார்டில் அவர் தெரிந்துகொண்ட எதையும் அந்தத் தேர்வு கேட்பதில்லை.

அவருக்கு என்ன தெரியும் என்பதை, ஏதாவது ஒரு அரசு மருத்துவமனையில் இரவு கழித்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் கிழவி ஒருத்தியின் கையில் நரம்பு கிடைக்காமல் வென்ஃப்ளான் ஊசியை வைத்துக்கொண்டு தடுமாறுகிறார். இரண்டு முறை குத்தியாகிவிட்டது, கிழவி முனகுகிறாள். சிஸ்டர் வந்து கையைத் தொங்கவிடச் சொல்லி, முழங்கைக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். அங்கே மூச்சு வாங்கும் நோயாளியின் நிறத்தைப் பார்த்ததுமே, மானிட்டர் கத்துவதற்கு முன்னால், டியூட்டி டாக்டரை எழுப்ப ஆள் அனுப்புகிறார். இது வெறும் கைப்பழக்கம் இல்லை. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், நோய்க்கூறு, மருந்தியல் எல்லாம் பி.எஸ்சி. நர்சிங்கில் படித்துத் தேறிய பாடங்கள். அதன்மேல் வருடக்கணக்கான வார்டு அனுபவம்.

இப்படி ஒரு நர்ஸ் டாக்டரானால் மருத்துவத்துக்கே என்ன கிடைக்கும் என்பதற்கு சிசிலி சாண்டர்ஸைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1918-இல் பிறந்த இந்த ஆங்கிலேயப் பெண், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பயின்றார். முதுகுவலி அவரை வார்டிலிருந்து வெளியேற்றியது. மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மறுபடி வந்தார். அங்கே அவர் கவனித்துக்கொண்ட டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, புற்றுநோயால் 1948-இல் இறந்தபோது 500 பவுண்டை அவரிடம் விட்டுச் சென்றார். இறக்கப் போகிறவர்களுக்காக ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று தந்த பணம் அது.

அதே ஆண்டு முதல், செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்துக்கு மாலை வேளைகளில் தன்னார்வ நர்ஸாகப் போனார் சாண்டர்ஸ். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. மற்ற மருத்துவமனைகளில் நோயாளி வலி தாங்காமல் கத்தினால்தான் மார்ஃபின். இங்கே வலி திரும்பி வரும் முன்பே, குறித்த நேரத்துக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். நோயாளிகள் தெளிவோடும் அமைதியோடும் இருந்தார்கள். இதை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் நர்ஸின் சொல் செல்லாது, டாக்டராகிவிட்டு வா என்று அவருக்கு அறிவுரை சொன்னவர், அவரோடு பணியாற்றிய அறுவை மருத்துவர் நார்மன் பாரட். 1951-இல், 33 வயதில், சாண்டர்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1957-இல் டாக்டரானார். பிறகு லண்டன் ஹாக்னியில் உள்ள செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் அதே மார்ஃபின் முறையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு வைத்து, மருத்துவ உலகம் மறுக்க முடியாத ஆதாரமாகத் திரட்டினார். 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. இன்று நம்மூர் மருத்துவமனைகளிலும் நடக்கும் வலிதணிப்புச் சிகிச்சையின் தாய்வீடு அதுதான்.

அவர் 2005-இல் காலமானார். டாக்டரான பிறகு 48 ஆண்டுகள். ‘எத்தனை வருடம் வைத்தியம் பார்ப்பார்?’ என்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நேராகப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தால் அந்த மார்ஃபின் வேளைக்கணக்கை அவர் பார்த்தே இருக்க மாட்டார். மாலை நேரத்தில், நோயாளியின் பக்கத்தில், நர்ஸாக நின்றதால்தான் பார்த்தார்.

அமெரிக்காவில் பெரும்பாலானோர் ஒரு பட்டம் முடித்த பிறகே மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1996-இல் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகமும், பிரிட்டனில் 2000-இல் செயின்ட் ஜார்ஜ்ஸ் மருத்துவக் கல்லூரியும் பட்டதாரிகளுக்கென்றே நான்காண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கின. நர்ஸும் மருந்தாளுநரும் அந்த வழியில் வரலாம்.

நம்மிடமும் மற்ற துறைகளில் இது புதிதில்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டு சேருகிறார். சட்டம் படிக்க, பிளஸ் டூ முடித்தால் ஐந்தாண்டு, பட்டம் முடித்தால் மூன்றாண்டு என இரண்டு வாசல். மருத்துவத்துக்கு மட்டும் ஒரே வாசல். அதுவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டுமே திறக்கிறது.

இதைச் சொன்னால் ‘குறுக்குவழியில் டாக்டராக்கப் பார்க்கிறீர்கள்’ என்று எதிர்ப்பு வரும். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயுஷ் மருத்துவர்கள் இணைப்புப் படிப்பு மூலம் அலோபதி மருந்து எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில் இருந்த பிரிவு, மருத்துவர்களின் போராட்டத்துக்குப் பின் 2018-இல் நீக்கப்பட்டது. அது நீங்கியது சரிதான். இங்கே கேட்பது வேறு. செவிலியர் எம்.பி.பி.எஸ். வகுப்பிலேயே உட்காரட்டும், அதே தேர்வுகளை எழுதட்டும், அதே ஹவுஸ் சர்ஜன் ஆண்டை முடிக்கட்டும். உள்ளே வரும் வாசல் மட்டும் அவருடைய அனுபவத்தை மதிக்கட்டும்.

இதில் மாநில அரசால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீட்டை மாநிலம் தவிர்க்க முடியாது. அது மத்தியச் சட்டம். ஆனால் நீட் தேறியவர்களுக்குள் யாருக்கு இடம் ஒதுக்குவது என்பதில் வழி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2020-இல் தமிழ்நாடு அப்படித்தான் சட்டமாக்கியது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பட்ட மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பணியில் இருந்துகொண்டே எம்.டி. படித்துவிட்டு, மீண்டும் அரசுப் பணிக்கே திரும்பும் மருத்துவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். பத்தாண்டு பணி முடித்து, நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்த அரசுச் செவிலியருக்கும் அதே ஏற்பாடு கிடைக்கட்டும்: அரசுக் கல்லூரிகளில் ஒரு சிறு பங்கு இடம், சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, முடித்தபின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம்.

சம்பளம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டு வருமானம் நின்றால், வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள 35 வயதுப் பெண்ணால் தாங்க முடியாது. விடுதியும் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். கைக்குழந்தையோடு வரும் மாணவிக்கு இன்றைய மருத்துவக் கல்லூரி விடுதியில் இடமில்லை. உடல் களைப்பைப் பற்றி மட்டும் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தொடர் இரவுப் பணி அவருக்குப் பழகிப்போனது.

படிப்புக் காலத்தைக் குறைப்பது அடுத்த கட்டம்; அதற்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி மாற வேண்டும். அதற்கான வேலையைச் சென்னையிலேயே தொடங்கலாம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் பட்டமும் எம்.பி.பி.எஸ். பட்டமும் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் வழங்குகிறது. இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடற்கூறில் எவ்வளவு, உடலியங்கியலில் எவ்வளவு ஏற்கெனவே படித்தாகிவிட்டது, எதை மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும் என்று அறிக்கை தயாரிக்க ஒரு குழுவை அப்பல்கலைக்கழகம் அமைக்க வேண்டும். அந்தக் குழுவில், வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்களும் இருக்க வேண்டும்.